தற்கொலைத் தடுப்புத் திட்டம் வரைவது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு செயற்குழுக்களுக்கு

மாநில அரசோ மாநகர் மன்றமோ தற்கொலைத் தடுப்புக்கு ஒரு செயற்குழு அமைத்தால், முதல் கூட்டத்தில் வெண்பலகையில் ஏறுவது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான்: இளையோர், முதியோர், பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்கள், இந்தியர்கள், அந்நியத் தொழிலாளர்கள். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் திங்கட்கிழமை காலையில் ஒரு வேலையைத் தொடங்க முடியாது. பினாங்கில் வாழும் இந்தியர் எல்லாரும் ஆபத்தில் இல்லை. தற்கொலை முயற்சிக்குப் பிறகு நேற்று மருத்துவமனையிலிருந்து ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி, அடுத்த சந்திப்புக்கு ஆறு வாரம் காத்திருப்பவர் ஆபத்தில் இருக்கிறார்.

அதனால் திட்டத்தை ஆள்வகைப்படி எழுதாமல், ஆபத்து கூடும் நேரங்களின்படி எழுதுங்கள். முயற்சிக்குப் பிறகு மருத்துவமனையை விட்டு வெளியேறும் வாரம், தடுப்புக்காவலின் முதல் இரவு, தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் நுழையும் ஆண்டு, வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோகும் மாதம், குடும்பத்தில் ஒருவரைத் தற்கொலையில் இழந்த பிறகு வரும் நாள்கள். இந்த ஒவ்வொரு நேரத்திலும் அந்த மனிதர் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் கண்ணில் ஏற்கனவே பட்டுவிட்டார். அவரை அடுத்த கைக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள், எந்த மொழியில் ஒப்படைப்பது என்று எழுதுவதே திட்டம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

இன்னொரு காரணமும் உண்டு. தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009 அறிக்கை, மலேசிய இந்தியர்களின் தற்கொலை விகிதம் தேசிய சராசரியைவிட மிக அதிகம் என்று காட்டியது. இதை மறைக்கக் கூடாது. தமிழ் பேசும் ஊழியர்களுக்குப் பணம் கேட்கும்போது இதுவே முதன்மையான ஆதாரம். ஆனால் சுவரொட்டியில் அதை ‘இந்தியர் பிரச்சினை’ என்று போட்டால், உதவி தேவைப்படும் குடும்பம்தான் முதலில் கதவைச் சாத்தும்.

யாருக்கு எந்த அதிகாரம்

கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. சமூகநலனும் பொதுச் சுகாதாரமும் கூட்டுப் பட்டியலில் வருகின்றன. ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தின் கீழ். ஆகவே பினாங்கு மாநிலக் குழு, பினாங்கு மருத்துவமனைக்கோ செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ உத்தரவு போட முடியாது. மாநில சுகாதார இயக்குநரிடம் எழுத்துவடிவ உடன்பாடு பெற வேண்டும். அடுக்குமாடிகள், உரிமங்கள், சமூக மண்டபங்கள், கிராம நிர்வாக மன்றங்கள் ஆகியவற்றில் மாநிலத்தாலும் இரு மாநகராட்சி மன்றங்களாலும் நேரடியாகச் செயல்பட முடியும். கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது. மாநகர் மன்றம் கூட்டரசுப் பிரதேச நிர்வாகத்தின் கீழ் வருவதால் கையெழுத்துகள் குறைவு, ஆனால் பிபிஆர் எனப்படும் மலிவு வாடகை அரசு அடுக்குமாடி வீடுகளில் குவியும் வேலை அதிகம்.

சட்டத்தையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை விதித்த குற்றவியல் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. மனநலச் சட்டமும் அதே ஆண்டு திருத்தப்பட்டு, போலீஸ் மட்டுமின்றித் தீயணைப்பு, சமூகநலம், குடிமைத் தற்காப்பு அதிகாரிகளும் நெருக்கடியில் தலையிட வழி பிறந்தது. இந்தச் செய்தி பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. “போலீஸ் கேஸ் ஆகிவிடும்” என்ற பயத்தில், நோயாளியைத் தங்கள் சொந்தப் பொறுப்பில் பாதியிலேயே அழைத்துப் போகும் குடும்பங்கள் உண்டு. அவசரப் பிரிவின் பதிவு மேசையிலேயே, “இது குற்றமில்லை, யாரும் வழக்குப் போடமாட்டார்கள்” என்று தமிழில் ஒரு பலகை இருக்கட்டும். செலவு ஐம்பது வெள்ளிகூட ஆகாது.

எண்கள்: எங்கே தேடுவது, எதை நம்பாமல் இருப்பது

போலீஸ் கணக்கில் 2020-இல் 631 ஆக இருந்த தற்கொலைகள் 2021-இல் 1,142 ஆயின. பதிவேட்டின் 2009 கணக்கு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 1.2 என்றது, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ 5-க்கும் மேல். இவ்வளவு இடைவெளி ஏன்? பதிவேடு சுகாதார அமைச்சு மருத்துவமனைகளின் தடயவியல் பிரிவுகளிலிருந்தே தகவல் எடுத்தது. மருத்துவர் சான்றளிக்காத மரணங்கள், ‘காரணம் உறுதியாகவில்லை’ என முடிந்த விசாரணைகள், குடும்பத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி விபத்தென எழுதப்பட்டவை எல்லாம் வெளியே நின்றுவிட்டன.

மாவட்ட அளவில் மூன்று மூலங்களிலிருந்து எடுங்கள்: தடயவியல் பிரிவு, போலீசின் திடீர் மரண அறிக்கைகள், அவசரப் பிரிவுக்கு வந்த முயற்சிகள். மூன்றில் கடைசியானதே திட்டத்துக்கு மிகவும் பயன்படும், ஏனெனில் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வயது, பால், வீட்டு மொழி, குடியிருப்பு வட்டாரம், இதற்கு முன் முயன்றாரா, வெளியேறும்போது அடுத்த சந்திப்புத் தேதி என்ன என்ற ஆறு தகவல் போதும். ‘வீட்டு மொழி’ என்ற கட்டம் பல படிவங்களில் இருப்பதில்லை. இனம் இருக்கும், ஆனால் அதை வைத்துத் தமிழ் பேசும் ஊழியர் எத்தனை பேர் தேவை என்று கணக்கிட முடியாது.

ஓர் எச்சரிக்கை. மாவட்ட எண்கள் சிறியவை. ஓராண்டில் 8, மறு ஆண்டில் 12 என்றால் அது ‘50 விழுக்காடு உயர்வு’ ஆகாது. தற்செயலாகவே அப்படி ஏறி இறங்கும். மூன்றாண்டுச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்துக்குக் குறைவான எண்ணைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரோடு அறிக்கையில் போடாதீர்கள். அக்கம்பக்கத்தார் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் வாசல்: மருத்துவமனையிலிருந்து வீடு

பணமும் ஆளும் குறைவாக இருந்து ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு, வெளியேறும் வேளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதும், பிறகு 18 மாதங்களில் 9 முறை தொடர்புகொள்வதும் கூடுதலாகச் செய்யப்பட்டன. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையில் இறந்தனர். தொடர்பு பெற்றவர்களில் அது 0.2 விழுக்காடு. அந்தத் தொடர்புகள் நடந்த நாள்கள்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். தொடக்கத்தில் நெருக்கமாகவும் பிறகு தள்ளித் தள்ளியும் அமைந்த இந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆலோசனை ஒன்றே: வெளியேறிய 72 மணி நேரத்துக்குள் கூடுதலாக ஓர் அழைப்பு.

எத்தனை ஊழியர் தேவை? ஒரு மருத்துவமனைக்கு மாதம் 20 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் முழு வேகத்தில் ஓடும்போது ஆளுக்குப் பத்து என மாதம் 200 தொடர்புகள். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் ஏறக்குறைய 67 மணி நேரம். எடுக்கப்படாத அழைப்புகளுக்கும் பதிவெழுதவும் அதில் பாதியைச் சேர்த்தால் 100. முதல் நாள் உரையாடல்கள் 20 மணி நேரம். மொத்தம் 120. ஒரு முழுநேர ஊழியரின் மாத வேலை ஏறக்குறைய 175 மணி நேரம். ஆக ஒரு பணியிடம் போதும், விடுப்புக்கு ஒரு மாற்றாள். இந்தக் கணக்கை உங்கள் எண்ணை வைத்துப் போட்டு, அந்தத் தாளோடு நிதிக்கூட்டத்துக்குப் போங்கள். ‘விழிப்புணர்வு’ என்று கேட்டால் வெட்டப்படும் பணம், ‘ஒரு பணியிடம், மாதம் 200 தொடர்பு’ என்று கேட்டால் கிடைக்கக்கூடும்.

நடைமுறையில் இது உடையும் இடங்கள் சில. தெரியாத எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை. மோசடி அழைப்பென நினைத்துத் துண்டித்துவிடுகிறார்கள். நோயாளி வெளியேறும் முன்பே, அவர் கைப்பேசியில் ஊழியரின் பெயரோடு எண்ணைச் சேமித்துக்கொடுத்து, அங்கேயே ஒருமுறை அழைத்துக் காட்ட வேண்டும். முன்பணச் சிம் அட்டை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அவர் சம்மதிக்கும் இன்னொருவரின் எண்ணும் வேண்டும். அந்த இன்னொருவர் கணவர்தான் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. அடிக்கும் கணவராக இருக்கலாம். “உங்களுக்கு நம்பிக்கையானவர் யாரும்மா?” என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை வெளியேறுபவர்கள் வார இறுதியில் விடுபட்டுப்போவார்கள். சனிக்கிழமை அரைநாள் பணி இல்லாமல் 72 மணி நேர விதி வெறும் எழுத்துதான். சொந்தப் பொறுப்பில் போகிறவர்களைப் பல பிரிவுகள் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகின்றன. அவர்களுக்கே அழைப்பு அதிகம் தேவை, ஆகவே கையெழுத்து வாங்கும் அதே தாளில் தொடர்புக்கான சம்மதத்தையும் கேளுங்கள். மருந்து கொடுக்கும்போது இரண்டு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிக்கொடுக்காமல் வாராவாரம் வாங்கும்படி மருந்தகத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். எல்லாவற்றையும்விட, மொழிபெயர்க்கப் பிள்ளையைப் பயன்படுத்தாதீர்கள். பன்னிரண்டு வயது மகளை நடுவில் உட்காரவைத்து எந்தத் தாயும் உள்ளதைச் சொல்லமாட்டாள். தமிழ் பேசும் ஊழியர் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இல்லாவிட்டால், கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் செராஸ், பந்தாய் வட்டாரப் பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கும் பொதுவாக ஒருவரை வைத்துத் தொலைபேசி வழியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

மற்ற வாசல்கள்

தடுப்புக்காவலில் முதல் 24 மணி நேரம் முக்கியம். அதற்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் ஆணை தேவைப்படுவதால், யார் எப்போது வந்தார் என்ற பதிவு ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பதிவோடு மூன்று கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைச் சேருங்கள்: முன்பு உயிரை மாய்க்க முயன்றதுண்டா, இப்போது அந்த எண்ணம் உண்டா, நாள்தோறும் குடிக்கும் பழக்கமோ தொடர்ந்து சாப்பிடும் மருந்தோ உண்டா. மூன்றாவது கேள்வி ஏனென்றால், குடியைத் திடீரென நிறுத்துவது தன்னளவிலேயே உயிராபத்து. ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் மருத்துவ அதிகாரிக்குத் தகவல், தனி அறையில் அடைக்காமல் பார்வையில் வைப்பது, குடும்பத்துக்கு ஓர் அழைப்பு.

பள்ளி மாற்றம் தனிக் கவனம் கேட்கிறது. கோலாலம்பூரில் 15, பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் ஆண்டுவரை பெயர் சொல்லி அழைத்த ஆசிரியர்களோடு இருந்த பிள்ளை, படிவம் 1-இலோ புகுமுக வகுப்பிலோ ஆயிரம் பேர் கூடும் பள்ளியில் போய் நிற்கிறது. தேசியச் சுகாதார ஆய்வின் 2022 பதிப்பில், இடைநிலைப்பள்ளி மாணவர்களில் 13.1 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். 2017-இல் அது 10 விழுக்காடு. செய்ய வேண்டியது: ஆறாம் ஆண்டின் இறுதியில், தமிழ்ப்பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் கவலைக்குரிய பிள்ளைகளின் பெயரை, பெற்றோர் சம்மதத்தோடு, இடைநிலைப்பள்ளிக் கவுன்சலரிடம் நேரில் ஒப்படைப்பது. கடிதம் போதாது. பள்ளிகளில் மனநலச் சோதனை நடத்தினால், ஆபத்தைக் காட்டும் அதிக மதிப்பெண் வந்த பிள்ளையை ஒரு வாரத்துக்குள் யார் பார்ப்பார் என்பது உறுதியான பிறகே நடத்துங்கள். பார்க்க ஆளில்லாமல் சோதனை செய்வது, “இதைச் சொல்லியும் யாரும் வரவில்லை” என்று அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.

கடனுக்கு: வங்கிக் கடன் சிக்கலில் இருப்பவர்களுக்கு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் நிர்வாக முகமை இலவச ஆலோசனை தருகிறது. வட்டி முதலைகளின் தொல்லை அங்கே தீராது, அதற்குப் போலீஸ் புகார்தான். சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் வேலை இழப்பு உதவிக்கு விண்ணப்பம் வாங்கும் முகப்பிலும், பிபிஆர் வாடகை நிலுவை அறிவிப்பு அனுப்பும் பிரிவிலும் உதவி எண் அட்டை இருக்க வேண்டும். வெளியேற்ற அறிவிப்பைத் தனியாக அனுப்பாமல், சமூகநல அதிகாரியின் பெயரையும் எண்ணையும் அதே உறையில் வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் எந்தத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. மருத்துவமனைக் கட்டணமும் ஆவணப் பயமும் அவர்களைத் தடுக்கின்றன. கோயிலும் முதலாளியும்தான் அங்கே நுழைவழி.

கட்டடமும் நச்சும்

ஆபத்தான வழிகளை எட்டாமல் வைப்பது உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று வலுவானது. நெருக்கடி பெரும்பாலும் சில மணி நேரமே உச்சத்தில் நிற்கிறது. இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. மலேசியா 2020 முதல் பாராகுவாட்டைத் தடை செய்துவிட்டது. உயர்மாடிகளில் அந்த வேலை இன்னும் பாக்கி. கூரைக் கதவுக்குப் பூட்டுப் போட்டால் தீயணைப்புத் துறை மறுக்கும், சரியாகவே மறுக்கும். பாதுகாவலர் அறையில் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, உயரமான தடுப்பு, இரவில் விளக்கு, பாதுகாவலர்களுக்கு அரைநாள் பயிற்சி ஆகியவையே வழி. தனியார் அடுக்குமாடிகளில் 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழுள்ள நிர்வாக மன்றத்தைப் பேச்சில் சேர்க்காமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. எந்தக் கட்டடம் என்பதை வெளியே அறிவிக்காதீர்கள். பெயர் பெற்ற இடம் மேலும் ஆட்களை இழுக்கும்.

கேட்கத் தெரிந்தவர்களும் கையில் அட்டையும்

பயிற்சியை முகப்பு ஊழியர்கள், ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் குழு) உறுப்பினர்கள், கோயில் நிர்வாகத்தினர், பாதுகாவலர்களுக்குக் கொடுங்கள். ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். பாதி நேரம் இருவர் இருவராகப் பேசிப் பழகட்டும். நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்கும் என்ற அச்சம் தவறு; ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. “செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதாண்ணே?” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் தேவையான நாளில் வாயில் வரும். ‘ஆம்’ என்றால் தனியே விடாமல் கூட இருப்பது, புத்திமதி சொல்லாமல் கேட்பது, அழைப்பது. அட்டையில் இந்த எண்கள்: உடனடி ஆபத்துக்கு 999, சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே உதவி எண் 15999, தன்னார்வலர்கள் நடத்தும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும். அச்சுக்குப் போகும் முன், குழுவில் ஒருவர் ஒவ்வொரு எண்ணையும் பகலிலும் இரவிலும் அழைத்துத் தமிழில் பேச ஆள் கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைக்கும் நேரத்தை அட்டையில் எழுத வேண்டும்.

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களையும் மின்னல், ராகா வானொலிகளின் செய்திப் பிரிவையும் ஆண்டுக்கொருமுறை சந்தியுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவே: முதல் பக்கத்தில் வேண்டாம், முறையையும் இறுதிக் கடிதத்தையும் வெளியிட வேண்டாம், ‘தேர்வில் தோல்வி, அதனால்’ என்று ஒற்றைக் காரணத்தில் அடைக்க வேண்டாம், முடிவில் உதவி எண் இருக்கட்டும்.

ஒரு மரணம் நடந்துவிட்டால்

குடும்பத்தைப் பார்க்கும் அதிகாரியின் பெயர் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதல் சந்திப்பு 72 மணி நேரத்துக்குள்: பிரேதப் பரிசோதனை, இறப்புப் பதிவு, ஈமச்சடங்கு உதவி. அந்த நாள்களில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகே வீடு வெறிச்சோடும். இரண்டாவது சந்திப்பைப் பதினெட்டாம் நாளுக்கு அருகில் வையுங்கள், மூன்றாவதை முதலாண்டுத் திதிக்கு முந்தைய வாரத்தில். இறந்தவர் மாணவர் என்றால், நெருங்கிய நண்பர்களை மறுநாளே தனித்தனியாகப் பாருங்கள். பெரிய சபைக்கூட்டமும் நினைவுச் சுவரும் வேண்டாம்.

பணமும் பரிசீலனையும்

முதலில் பணியிடம், அடுத்து பயிற்சி, பிறகு கட்டட வேலை. ஓட்டப்போட்டி, டி-சட்டை, பலூன் நிகழ்ச்சிகளுக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் எழுத்திலேயே வரம்பு வையுங்கள். காலாண்டுக் கூட்டத்தில் நான்கு எண்கள் மட்டும் மேசைக்கு வரட்டும்: வெளியேறியவர்களில் 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கிடைத்தவர்கள் எத்தனை விழுக்காடு, நான்காம் வாரத்திலும் தொடர்பில் இருப்பவர்கள் எத்தனை, தமிழில் பேச விரும்பியவர்களில் தமிழ் ஊழியர் கிடைத்தவர்கள் எத்தனை, கைமாற்றத்தில் தவறியவர்கள் எத்தனை. நான்காவது எண்ணுக்குக் கீழே ஒவ்வொருவரும் எந்த மேசையில் தவறினார் என்று பெயரின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த மேசையின் அதிகாரி கூட்டத்தில் இருக்க வேண்டும், குற்றம் சாட்டப்படாமல். அதே மேசை இரண்டு காலாண்டு தொடர்ந்து வந்தால், அங்குள்ள ஆளை மாற்றுவதற்கு முன் படிவத்தையும் பணிநேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஊழியரின் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டும் என்றால், ஒன்பதாம் மாதத்திலேயே நீட்டிப்புக் கடிதத்தை அனுப்புங்கள். 18 மாதத் தொடர்பில் பாதியில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் அந்த ஊழியரிடம்தான் இருக்கும்.